பெண்கள் பக்கத்துக் கயிறு

பாரதப் போரில் பீமன் தோற்றுவிடுவான் என்று திருமுல்லைவாயிலில் முதன்முதலாகச் சந்தேகப்பட்டவள் வடிவு. காரணம், அந்த வருஷத்துப் பீமன் அவள் பெற்ற பிள்ளை.

தருமராஜா கோயில் திருவிழா வைகாசியில் வரும். அந்த மாதத்து வெயிலைச் சொன்னால் வெளியூர்க்காரன் நம்பமாட்டான். ஆவடியில் கிளம்பிய தயிர் வண்டி அம்பத்தூர் வருவதற்குள் மோர் வண்டியாகி, கொரட்டூரில் வெறும் வண்டியாக நிற்கும். அந்த வெயிலில் பத்து நாள் பாரதம் படிப்பார்கள். கடைசி நாள் படுகளம். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருக்கும் மைதானத்தில், களிமண்ணைக் குழைத்து, துரியோதனனை மல்லாக்கப் படுத்த வாக்கில் செய்வார்கள். வருஷா வருஷம் அவன் நீளம் கூடிக்கொண்டே போகிறது. இதே வேகத்தில் போனால் சீக்கிரமே அவன் தலை காட்டுப்பாக்கத்திலும் கால் குத்தம்பாக்கத்திலும் கிடக்கும், நடுவிலே இருக்கிற ஜனமெல்லாம் அவன் வயிற்றின் மேல்தான் பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.

பீமன் வேஷம் கட்டியவன் துரியோதனன் வேஷம் கட்டியவனை அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றித் துரத்துவான். பிடித்ததும் கதாயுதத்தை ஓங்கி மண் தொடையில் ஒரு போடு போடுவான். தொடைக்குள் புதைத்திருக்கும் குங்குமத் தண்ணீர்ப் பானை உடைந்து சிவப்பாகப் பீறிடும். அதற்கப்புறம்தான் பாஞ்சாலி விரித்த கூந்தலை முடிவாள். எல்லாம் பொழுது சாய்வதற்குள் நடந்தாக வேண்டும்.

இந்தப் போரில் பெண்களுக்கு வேலை கிடையாது. பாஞ்சாலியே சலூன் கடை பிரசன்னாதான். பெண்கள் மைதானத்துக்குத் தெற்கே கயிற்றுக்கு வெளியே நிற்க வேண்டும், கூந்தல் முடிகிற வரைக்கும் ஒரு கால்விரல்கூடக் களத்தில் படக்கூடாது. ஆனால் பீமனுக்கும் அருச்சுனனுக்கும் சோறாக்க மட்டும் பெண்கள்தான் வேண்டும்.

பீமன் வேஷம் கட்டுகிற முறை வடிவு வாழ்க்கைப்பட்ட வீட்டுக்குச் சொந்தம். புருஷன் நாகேந்திரன் கால் நூற்றாண்டாகப் பீமன். திருவிழா முடிந்ததும் கதாயுதம் அவர் வீட்டுக் கூடத்துக்கு வந்து, மூலையில் அடுத்த வைகாசி வரைக்கும் நிற்கும். வடிவு வெள்ளிக்கிழமை தவறாமல் அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பாள். வீட்டில் யாரும் காது கொடுக்காத நேரத்தில் அதனிடம் நாலு வார்த்தை பேசவும் செய்வாள். அந்த வீட்டில் குறுக்கே பேசாமல் கேட்கிற ஒரே ஆள் அதுதான். பீமன் ஒரு வருஷம் துரியோதனனைப் பிடிக்கத் தவறினால் முறை பங்காளி வீட்டுக்குப் போய்விடும், கதாயுதமும் கூடவே போய்விடும் என்பது கோயில் கட்டுப்பாடு. அந்தப் பங்காளியின் பேர் சம்பந்தம். நாகேந்திரனுக்குச் சித்தப்பா மகன். துரியோதனன் முறை அந்த வீட்டுக்கு. பாரதமே பங்காளிச் சண்டைதானே, அதனால் முன்னோர்கள் தோதாகத்தான் பிரித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

நாகேந்திரன் டாங்கி செய்கிற ஃபாக்டரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லையில் எங்காவது ஒரு டாங்கி திணறினால் இங்கே அவருக்கு இருமல் வரும். போர் முனையை அவர் கண்ணால் பார்த்ததில்லை. அதற்காகப் போரைப் பற்றிப் பேசாமல் இருந்ததும் இல்லை. அப்படிப்பட்டவர் மாமரத்தில் அணிலை விரட்டப் போய்க் கிளையிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தார். பகாசுரனைக் கொன்ற பீமனை ஒரு அணில் சாய்த்துவிட்டது.

ஆகவே மகன் கோபி காப்புக் கட்டினான். அம்பத்தூர் எஸ்டேட்டில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை. பார்வைக்கு அசல் பீமன், அதில் குறை சொல்ல முடியாது. அவன் ஏறினால் ஷேர் ஆட்டோக்காரன் வேறு யாரையும் ஏற்றமாட்டான். ஓட்டம் மட்டும்தான் வராது. காப்புக் கட்டினவன் கோயிலை விட்டு நகரக்கூடாது என்பதால் லேப்டாப்பை நந்தவனத்துக் கிணற்றடியில் வைத்துக்கொண்டு வேலை பார்த்தான். மேலதிகாரி ஒருநாள் மூஞ்சியைக் காட்டச் சொல்ல, கிரீடமும் அரிதாரமுமாகக் காட்டினானாம். அதற்கப்புறம் அந்தக் கம்பெனியில் அவனை எதிர்த்து யாரும் பேசவில்லை என்று கேள்வி.

வடிவு ஒருவேளைச் சோற்றை ஒன்பது வேளைச் சோறாகக் கட்டி எடுத்துப் போனாள். களி, முருங்கைக்கீரை, மொச்சைக்கொட்டைக் குழம்பு, நாலு ஆள் சேர்ந்து தூக்குகிற அளவு மோர். அத்தனையும் உள்ளே போனதே தவிர ஓட்டமாக வெளியே வரவில்லை. எதிரே துரியோதனன் யார் என்றால் சம்பந்தத்தின் மகன் தமிழரசு. பைக்கில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. அவன் நாலு மாடி ஏறிக் கொடுத்துவிட்டு வந்தால் ஸ்டாண்டு போட்ட வண்டி அப்போதுதான் ஆடி நிற்கும்.

சம்பந்தத்தின் பெண்சாதி ஞானம்மாள் ஒரு மத்தியானம் உப்பு வாங்குகிற சாக்கில் வந்து கூடத்து மூலையை ஒரு பார்வை பார்த்தாள். "அக்கா, இது எவ்ளோ ஒசரம் கீது? எங்க ஊட்ல ஷோகேஸ் செய்றாரு, அதாங் கேட்டேன்" என்றாள்.

வடிவு உப்பை மட்டும் கொடுத்து அனுப்பினாள். அன்று குழம்பில் உப்புப் போட மறந்தாள்.

இந்தச் சமயத்தில்தான் மகள் கிருஷ்ணப்பிரியா லீவில் வந்திருந்தாள். ராணுவ போலீசில் சேர்ந்து, பனி பெய்கிற ஊரில் வேலை. விடியலில் எழுந்து ஆவடி வரை ஓடி, திரும்பி ஓடி வந்து, வாசலில் தண்ணீர் தெளிக்கிற அம்மாவிடம் டீ கேட்பாள். முகத்தில் வேர்வை இருக்காது. பெண் எல்லையில் நிற்பதால்தான் தேசம் நிம்மதியாகத் தூங்குகிறது என்று நாகேந்திரன் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் அடுப்படியில் மொச்சை உரித்துக்கொண்டே வடிவு அதைப் பற்றிக் கேட்டாள்.

"அங்கயும் அதாம்மா. சண்டைன்னா ஆம்பளைங்க முன்னாடி போறாங்க. எங்கள கேம்ப் கேட்டுல நிறுத்திக்கிறாங்க. வர்ற பொம்பளைங்கள சோதனை போட பொம்பள வோணுமில்ல, அதுக்கு."

"அப்போ நீ துப்பாக்கியே சுட்டதில்லையா?"

"சுடுவேனே. எங்க செட்டுல நாந்தான் ஃபர்ஸ்ட்டு. அட்டையில செஞ்ச ஆம்பள எத்தினி பேர சாச்சிகிறேன் தெரிமா?"

கேட்டில்தானே நிற்கிறாள் என்று வடிவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, அப்படி இருந்ததற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. இந்தப் பிள்ளையை வெறும் கேட்டிலா நிற்க வைத்திருக்கிறார்கள் என்று மொச்சைத் தோலை வேகமாக வீசினாள்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் கிருஷ்ணப்பிரியா அப்பனிடம், "நைனா, கோபிக்கு மூச்சு வாங்குது. நான் கட்டிக்கட்டா?" என்று கேட்டாள். நாகேந்திரன் மாவுக்கட்டு குலுங்கச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை என்று பார்த்ததும் நிறுத்திவிட்டு, பொம்பளை பீமன் கட்டினால் துரியோதனன் எந்த மூஞ்சியோடு சாவான், அவன் பக்கமும் யோசிக்க வேண்டாமா என்றார். அப்படியும் விடாமல் அவள் கோயில் தர்மகர்த்தாவைப் போய்ப் பார்த்தாள். நல்ல மனுஷர், யாரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார். ராணுவத்துப் பெண் என்று மரியாதை பண்ணி, படுகளத்தன்று தெற்கே பெண்கள் பக்கத்துக் கயிற்றைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். கூட்டம் நெருக்கும், யாராக இருந்தாலும் கயிற்றைத் தாண்ட விடாதே என்று உத்தரவும் போட்டார்.

"அங்க கேட்டு, இங்க கயிறு" என்றாள் கிருஷ்ணப்பிரியா, வீட்டுக்கு வந்து.

படுகளத்தன்று மத்தியானத்துக்குள் மைதானம் நிறைந்துவிட்டது. பழைய ஊர்க்காரர்கள் பாதி, சுற்றியிருக்கிற ஃப்ளாட்டுக்காரர்கள் பாதி. அவர்கள் தொப்பி போட்டுக்கொண்டு போன் தூக்கி நின்றார்கள். மைக் செட் சுலைமான் வழக்கம் போல வர்ணனைக்கு உட்கார்ந்தார். அவர் அப்பா காலத்திலிருந்து இந்தப் போருக்கு அந்தக் குடும்பம்தான் மைக். பாரதம் படிக்கிற பிரசங்கியாருக்கு ஒரு வரி மறந்தால் எடுத்துக் கொடுப்பதும் சுலைமான்தான்.

பம்பை அடித்தது. போர் தொடங்கியது. முதல் சுற்றில் கோபி ஓடினான். இரண்டாம் சுற்றில் நடந்தான். மூன்றாம் சுற்றில் துரியோதனனின் மண் முழங்காலில் சாய்ந்து நின்று கதாயுதத்தை ஊன்றிக்கொண்டான். தமிழரசு மண் வயிற்றின் மேல் ஏறி நின்று தொடையைத் தட்டி, "வா அண்ணாத்தே, வா, பொய்து போவுது" என்று கூப்பிட்டான். "பீமசேன மகாராஜா சற்றே இளைப்பாறுகிறார்" என்று சுலைமான் நாசூக்காக அறிவித்தார். ஃப்ளாட்டுக்காரர் ஒருவர் குளுக்கோஸ் தண்ணீர் நீட்டினார். களத்தில் பீமன் உறிஞ்சுகுழல் போட்டுக் குடித்தது பாரத வரலாற்றில் அதுதான் முதல் தடவை.

வெயில் இறங்கிக்கொண்டே வந்தது. வடிவு கயிற்றை ஒட்டி நின்று பார்த்தாள். கோபியின் காதோரம் அரிதாரம் வழிந்து கழுத்து வெளுத்திருந்தது. பக்கத்தில் ஞானம்மாள் வெற்றிலையை நிதானமாக மடித்துக்கொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த நாகேந்திரன் கத்திக் கத்தித் தொண்டை கட்டி, கடைசியில் கையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். சூரியன் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனால் தீர்ந்தது. கூடத்து மூலை வெறிச்சென்று கிடப்பதை வடிவு இப்போதே பார்த்துவிட்டாள். வெள்ளிக்கிழமை யாருக்குப் பொட்டு வைப்பது, யாரிடம் பேசுவது?

அப்போது கோபிக்கு எங்கிருந்தோ ஒரு வேகம் வந்தது. மொச்சைக்கொட்டை அப்போதுதான் வேலை செய்திருக்க வேண்டும். பீமன் புழுதி பறக்க வருவதைக் கண்டு தமிழரசு வயிற்றிலிருந்து குதித்தான். வடக்கே ஆம்பளைக் கூட்டம் சுவர் மாதிரி நின்றது. தெற்கே பெண்கள். துரியோதனன் உறுமிக்கொண்டு ஓடி வந்தால் பெண்கள் சிதறி வழி விடுவார்கள், கயிற்றைத் தாண்டி ரயில்வே ஸ்டேஷன் பக்கம் போய்விட்டால் பொழுது சாய்ந்து திரும்பலாம் என்று அவன் கணக்குப் போட்டான். பெண்கள் சிதறத்தான் செய்தார்கள். அவன் கயிற்றைத் தாண்டவும் செய்தான். ஒரு பெண் மட்டும் நகரவில்லை.

கிருஷ்ணப்பிரியா என்ன செய்தாள் என்று கேட்டால் இன்றைக்கும் ஆளுக்கொன்று சொல்வார்கள். அவனை மூன்று முறை சுழற்றியதாகச் சொல்கிறவர்கள் உண்டு, அவன் கிரீடம் பறந்து போய் ஆவடி லோக்கல் ரயிலில் ஏறிக்கொண்டதாகவும் உண்டு. வடிவு பார்த்தது இவ்வளவுதான்: மகள் இடது கையில் சுற்றிய கயிற்றை விடாமலே அரை அடி நகர்ந்தாள். அடுத்த கணம் தமிழரசு குப்புறக் கிடந்தான், அவன் முதுகில் அவள் முழங்கால் இருந்தது.

"அக்கா, உடுக்கா" என்றான் துரியோதனன், வாயில் மண்ணோடு.

"கயித்த தாண்டாதன்னு சொல்லிக்கிறாங்க."

"அது பொம்பளைங்களுக்குக்கா."

"யாரா இருந்தாலும்னாரு."

கிருஷ்ணப்பிரியா தமிழரசைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு கயிறு வரை வந்து நின்றாள். கோபி உள்பக்கம் வந்து நின்றான். இருவருக்கும் நடுவே ஒரு முழம் இடைவெளி. அங்கேதான் போர் சிக்கிக்கொண்டது. பீமன் களத்தை விட்டு வெளியே கால் வைத்தால் தோல்வி. கிருஷ்ணப்பிரியா களத்துக்குள் கால் வைத்தால் தீட்டு. துரியோதனனை இறக்கிவிட்டால் ஓடிவிடுவான்.

சம்பந்தம் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். தன் பிள்ளை செய்தது ஓட்டமில்லை, கதைதான் என்று வாதாடினார். சேனையெல்லாம் செத்தபிறகு துரியோதனன் களத்தை விட்டுப் போய் மடுவில் ஒளிந்தானா இல்லையா, பிரசங்கியாரே சொல்லட்டும் என்றார். பிரசங்கியார், ஒளிந்தான் என்று தலையாட்டினார். அப்படியானால் பீமன் தானாகப் பிடிக்கவில்லை, நடுவில் ஒரு பெண்பிள்ளை பிடித்திருக்கிறாள், முறை முறிந்தது, கதாயுதத்தை எடுங்கள் என்றார் சம்பந்தம். தர்மகர்த்தா வானத்தைப் பார்த்தார். சூரியன் தண்ணீர்த் தொட்டியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வடிவு முந்தானையை இடுப்பில் செருகினாள். இத்தனை வருஷமும் பாரதப் பிரசங்கத்தை அவள் உட்கார்ந்து கேட்டதில்லை. கோயில் மடப்பள்ளியில் கூழ் கிண்டிக்கொண்டே கேட்டவள்.

"கொய்ந்தனாரே, மடுவுல ஒளிஞ்சவன பீமனா கண்டுபுடிச்சான்?"

சம்பந்தம் பிரசங்கியார் பக்கம் திரும்பினார். அவர் வாயைத் திறப்பதற்குள் வடிவே சொன்னாள்.

"பீமனுக்குத் தெனம் கறி கொண்டாந்து போடுவாங்களே வேடனுங்க, அவுங்கதான் பாத்தாங்க. அவுங்க வந்து சொன்னாங்காட்டிதான் பாண்டவருங்களுக்கே தெரிஞ்சிது. பீமனுக்குச் சோறு போட்ட கையிதான் துரியோதனனப் புட்ச்சிக் குட்த்துது. இந்தப் பத்து நாளும் பீமனுக்குச் சோறு போட்டது யாரு?"

"அது வந்து அண்ணி, வேடனுங்க ஆம்பளைங்க" என்றார் சம்பந்தம்.

"இந்தூர்ல பாஞ்சாலியே ஆம்பளையா கீறா. வேடன் பொம்பளையா இருந்தா இன்னா?"

கூந்தலை விரித்துப்போட்டு நின்ற பிரசன்னா, தலை அரிக்கிறது, சீக்கிரம் ஒரு முடிவு சொல்லுங்கள் என்று தன் பங்குக்கு முறையிட்டான். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. ஆம்பளைகள் பக்கமும் கேட்டது. சுலைமான் மைக்கைப் பிரசங்கியாரிடம் நீட்டினார். மனுஷர் தொண்டையைச் செருமி, வேடர்கள் சொன்னது உண்மை, சல்லிய பருவத்தில் வருகிறது என்றார். கூடவே, அவர்கள் வெளியே நின்று கூவவில்லை, பாசறைக்குள் வந்துதான் சொன்னார்கள் என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னார். வடிவு போட்ட கூழைப் பத்து நாளாகக் குடித்தவர்.

தமிழரசு தோளில் தொங்கியபடியே, "நைனா, தலைக்கு ரத்தம் ஏறுது. நான் சாவறேன், உட்டுடு" என்றான்.

தர்மகர்த்தா இன்னொரு தடவை சூரியனைப் பார்த்தார். "வாம்மா உள்ள" என்றார்.

கிருஷ்ணப்பிரியா ஷூவைக் கழற்றினாள். தமிழரசைப் பிடித்துக்கொள்ள ஒரு கை போதாததால் மறு கையிலிருந்த கயிற்றை விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். கயிறு தரையில் விழுந்தது. அதைப் பிடிக்க வேறு ஆள் போட்டிருக்கவில்லை. பெண்கள் ஒரு நிமிஷம் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் ஞானம்மாள்தான் காலை வைத்தாள், தன் பிள்ளையை எங்கே தூக்கிப் போகிறார்கள் என்று பார்ப்பதற்காக. அப்புறம் மொத்தத் தெற்குப் பக்கமும் உள்ளே வந்தது. ஏரி மதகு திறந்த மாதிரி வந்தது. ஃப்ளாட்டுக்காரப் பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார்கள். தடுக்க வேண்டிய ஆம்பளைகள் ஒதுங்கி வழி விட்டார்கள், கையெல்லாம் போன் இருந்ததால்.

வடிவு மண் உடம்பின் ஓரமாகவே நடந்து தலைமாட்டுக்குப் போனாள். தெற்கே நின்று பார்த்தால் தெரிவது துரியோதனனின் உள்ளங்கால் மட்டும்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அந்த இரண்டு பாதங்களைத்தான் பார்த்திருக்கிறாள். இப்போது முகத்தைப் பார்த்தாள். அரக்கன் மாதிரி இருப்பான் என்று நினைத்திருந்தாள். வெள்ளைப் பூச்சு, பெரிய கண், முறுக்கிய மீசை. ஏதோ சொல்ல வந்தவன் மாதிரி உதடு லேசாகத் திறந்திருந்தது.

"இவ்ளோ லட்சணமா இருந்துகினு எதுக்குடா சண்டைக்கு வந்த" என்று அவனிடம் மெதுவாகக் கேட்டாள். பிறகு திரும்பி, "கோபி, அட்றா, பொய்து பூட்ச்சி" என்றாள்.

கிருஷ்ணப்பிரியா தமிழரசை அண்ணன் காலடியில் இறக்கினாள். கோபி கதாயுதத்தைத் தூக்கினான். அடி விழுந்த சத்தம் பூந்தமல்லி வரைக்கும் கேட்டு, அங்கே ஒரு டீக்கடையில் பாய்லர் நின்றுபோனது என்பார்கள். தொடை பிளந்து குங்குமத் தண்ணீர் சீறியது. நாகேந்திரனுக்குப் போன தொண்டை திரும்பி வந்தது. பிரசன்னா அள்ளிக் கூந்தலை முடிந்தான். பெண்கள் குலவையிட்டார்கள். தொட்டிக்குப் பின்னால் சூரியன் காணாமல் போனபோது, கதாயுதம் இன்னும் ஒரு வருஷத்துக்கு வடிவு வீட்டுக்குத்தான் என்று சுலைமான் அறிவித்து முடித்திருந்தார்.

போர் முடிந்ததும் துரியோதனனின் மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் அரிசிப் பானையில் போட்டால் வருஷம் முழுக்கப் பானை குறையாது என்பது அந்த ஊர் நம்பிக்கை. எப்போதும் ஆம்பளைகள் பாய்ந்து அள்ளிக்கொண்டு போய் வீட்டில் கொடுப்பார்கள், பெண்கள் வாசலில் காத்திருந்து வாங்கிக்கொள்வார்கள். இந்தத் தடவை பெண்கள் பக்கத்திலேயே நின்றார்கள். ஆம்பளைகள் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுவிட்டுக் குனிவதற்குள் கண் போனது, கிரீடம் போனது, தொடை இருந்த இடத்தில் பள்ளம் இருந்தது. மீசையின் இடது முறுக்கு வடிவு மடியில், வலது முறுக்கு ஞானம்மாள் மடியில்.

பிள்ளையைத் தட்டி எழுப்பி அனுப்பிவிட்டுச் சம்பந்தம் வந்து பார்த்தபோது வெறும் தரைதான் மிச்சம். பெண்சாதி எங்கே என்று தேடினார். அவள் கிருஷ்ணப்பிரியாவிடம், தமிழரசைச் சாய்த்த அந்தப் பிடியை எப்படிப் போடுவது என்று கேட்டு, லாவண்யா என்கிற தன் மகளின் முதுகில் முழங்காலை வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் வடிவின் பக்கம் வந்து கையை நீட்டினார்.

"அண்ணி, ஒரு சிட்டிகை."

வடிவு மடியைப் பிரித்து, மீசையின் நுனியிலிருந்து கடுகளவு கிள்ளி அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவருக்குப் பின்னால் நாகேந்திரன், ஒற்றைக்காலில், ஒரு ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டியபடி நின்றார். அவருக்கும் பின்னால் பாதி ஊர் நின்றது.